பவளத் திட்டில் கிடைத்த புழு எது? அடையாளம் காண்பதும் விவரிப்பதும்

கேள்வி இதுதான்: வெப்பமண்டலப் பவளத் திட்டுகளில், கல்லுக்கடியிலும் பவளத்தின் மேலும், விதவிதமான புழுக்கள் தென்படுகின்றன. படமெடுத்து நிறத்தை ஒப்பிட்டால் ஒரு கையேடு ஒரு பெயர் சொல்கிறது, இன்னொன்று வேறு பெயர் சொல்கிறது. எதை வைத்து அடையாளம் காண்பது? முறையாக விவரித்து எழுத என்னென்ன வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடையாளத் தவறுகளில் பாதிக்கு மேல் நுண்ணோக்கியடியில் நடப்பதில்லை, வாளியில் நடக்கின்றன. புழுவை எடுத்த முதல் அரைமணி நேரத்தில் எதைக் கெடுக்கிறோமோ அதைப் பிறகு எந்த லென்சாலும் மீட்க முடியாது. ஆகவே உடலமைப்பையும் பதப்படுத்தலையும் பிரித்துப் பேசாமல் சேர்த்தே சொல்கிறேன்.

கையில் இருப்பது புழுதானா என்று பார்ப்பது முதல் வேலை. பவளத்தில் ஒட்டிய சுண்ணாம்புக் குழாய் எல்லாம் புழுவுடையது அல்ல. வெர்மெட்டிட் என்ற நத்தை இனம் ஓட்டைக் குழாய்போல் வளைத்து வளர்த்துப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும். உடைந்த விளிம்பைப் பாருங்கள்: நத்தைக் குழாயின் உட்புறம் வழவழவென்று பளபளக்கும், புழுவின் குழாய் மங்கலாக இருக்கும். உயிரோடு இருந்தால் இன்னும் எளிது. நத்தை கோழைநூலை வலைபோல் வீசி இரை பிடிக்கும்; குழாய்ப்புழு இறகுக் கொண்டையை விரித்து வைத்திருந்து, நிழல் பட்டதும் கண்ணிமைப்பதற்குள் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவில் நீளமாக ஊர்ந்து செல்வது, வாயைச் சுற்றி இறகுபோன்ற நீட்சிகளோடு, தொட்டால் கையுறையில் பிசுபிசுவென ஒட்டிக்கொள்கிறதா? அது சினாப்டா வகைக் கடல் அட்டை. தோலுக்குள் இருக்கும் நங்கூர வடிவ நுண்முட்கள்தான் அப்படி ஒட்டுகின்றன. தட்டையாக, பகட்டான நிறத்தில் இருப்பது ஓடில்லாக் கடல் நத்தையாக இருக்கலாம். நத்தைக்குச் சதைப்பற்றும், தலையில் இரண்டு தனிக் கொம்புகளும், பல வகைகளில் முதுகின் பின்பக்கம் செவுள் கொத்தும் உண்டு. தட்டைப்புழு காகிதம்போல் மெல்லியது. அதன் 'கொம்பு' உடல் விளிம்பே மடிந்து நிற்பது, தனி உறுப்பு அல்ல.

புழுதான் என்று உறுதியானதும் பெரும்பிரிவுக்கு வரலாம். உடல் வளையம் வளையமாகப் பிரிந்து, ஒவ்வொரு வளையத்தின் பக்கவாட்டிலும் முட்கள் கொண்ட சதைக்கால் இருந்தால் பாலிகீட்டா. பவளத் திட்டில் எண்ணிக்கையிலும் வகையிலும் இவைதான் அதிகம். வளையமும் இல்லை, காலும் இல்லை, உடல் ரப்பர்போல் நீண்டு சுருங்கி, முன்னிருந்து ஒரு தும்பிக்கையை எறிந்தால் நெமர்ட்டியா. வேர்க்கடலைபோல் உருண்டு, முன்பகுதியைக் கையுறை விரலை உள்ளே தள்ளுவதுபோல் உள்ளிழுத்துக்கொண்டால் சிப்பன்குலா. இலைபோல் வழுக்கிச் சென்றால் பாலிகிளாட் தட்டைப்புழு. உயிருள்ள பவளத்தின் மேல் சில மில்லிமீட்டர் அளவில் பழுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருப்பவை வாமினோவா போன்ற ஏசீல் புழுக்களாக இருக்க வாய்ப்பு அதிகம்; இவை தட்டைப்புழு போலத் தோன்றினாலும் வேறு தொகுதி. கடல் அல்லி (நட்சத்திரமீனின் உறவான, இறகுக் கைகள் கொண்ட விலங்கு) மேல் வட்டத்தட்டுபோல் ஒட்டியிருக்கும் மைசோஸ்டோமிடுகளைப் பார்த்துத் தட்டைப்புழு என்று எழுதுபவர்கள் உண்டு. அவை உண்மையில் பாலிகீட்டாக்களின் உறவினர். கீழே திருப்பிப் பாருங்கள், ஐந்து சோடிக் குட்டிக் கால்களும் கொக்கிகளும் தெரியும்.

பாலிகீட்டாவைக் குடும்ப அளவில் பிரிக்க மூன்று இடங்களைப் பாருங்கள்: தலை, கால், முள். தலை என்று சொல்வது வாய்க்கு முன்னால் நீட்டியிருக்கும் புரோஸ்டோமியம் என்ற மடலை. அதில் கண்கள் எத்தனை, உணர்கொம்புகள் எத்தனை, அதன் பின்னால் முதல் வளையத்தில் நீட்சிகள் உண்டா என்பதை வைத்தே பல குடும்பங்கள் பிரிந்துவிடும்.

யூனிசிட் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இறந்த பவளக் கல்லை உடைத்தால் வெளிவரும் வலுவான, வானவில் மினுமினுப்புள்ள நீளப் புழுக்கள் பெரும்பாலும் இவைதான். தலையில் ஐந்து நீட்சிகள் இருந்து, அதன் பின்னால் வளையத்தின் முதுகில் ஒரு சோடிச் சிறு இழைகளும் இருந்தால் யூனிஸ் அல்லது அதன் நெருங்கிய பேரினங்கள். ஐந்து நீட்சி உண்டு, அந்தச் சோடி இழை இல்லை என்றால் மார்ஃபிசா. மூன்றே நீட்சி என்றால் லைசிடிஸ். இதுவரை கைலென்சே போதும். இனத்துக்குப் போகும்போதுதான் சிக்கல். செவுள் எத்தனையாவது வளையத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதிகபட்சம் எத்தனை இழை, பின்பகுதிக் கால்களில் உள்ள கொக்கி முள் மஞ்சளா கறுப்பா, அதன் நுனியில் இரண்டு பல்லா மூன்று பல்லா என்று எல்லாம் தெரிய வேண்டும். கல்லை உடைக்கும்போது புழு பாதியில் அறுந்து முன்பாதி மட்டும் கிடைத்தால் கொக்கி முள் கணக்கு போச்சு. ஒரே கல்லில் கிடைத்த வால்துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஆனால் அது இதே புழுவின் வால்தான் என்று உறுதியில்லாமல் முன்பாதியோடு சேர்த்து விவரிக்கவும் கூடாது. இளம் புழுவில் செவுள் தொடங்கும் வளையமே மாறும். அதனால் ஒரே மாதிரியை வைத்து முடிவு சொல்லாமல், கிடைத்த எல்லா அளவுகளிலும் எண்ணிப் பட்டியலிடுவது நல்லது. இக்குடும்பத்தின் யூனிஸ் அஃப்ரோடைட்டாய்ஸ் 3 மீட்டர் வரை வளரும். மணலில் புதைந்து தாடையை மட்டும் வெளியே விரித்து வைத்திருக்கும் பெரிய புழுவின் படத்துக்கெல்லாம் அந்தப் பெயரைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. படத்தை மட்டும் வைத்து யூனிசிட் என்பதற்கு மேல் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

சமோவாவில் அக்டோபர், நவம்பர் மாதத் தேய்பிறையில் கடல் மேல்மட்டத்தில் கூட்டமாக மிதக்கும் பலோலோவும் இதே குடும்பம். மிதப்பது முழுப் புழு அல்ல, முட்டையும் விந்தும் நிறைந்த பின்பகுதி மட்டும். தலை கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். வலையில் கிடைத்ததில் தலையைத் தேடினால் கிடைக்காது.

நெரீடிட் குடும்பத்தில் நான்கு கண்கள், இரண்டு சிறு உணர்கொம்புகள், பக்கத்தில் தடித்த இரு துண்டு நீட்சிகள் என்று தலை தெளிவாக இருக்கும். பேரினத்தையும் இனத்தையும் தீர்மானிப்பது தொண்டை. வெளியே தள்ளப்பட்ட தொண்டையின் மேல் பாராக்னாத் என்ற கரும்பழுப்புக் குறும்பற்கள் இருக்கும். தொண்டைப் பரப்பை 1 முதல் 8 வரை பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை, என்ன வடிவம் என்று எண்ண வேண்டும். 6-ஆம் பகுதியில் பட்டை வடிவப் பற்கள் இருந்தால் பெரினெரிஸ் பக்கம் போகலாம். சீப்புபோல் மெல்லிய வரிசைகள் என்றால் பிளாட்டினெரிஸ். தொண்டை உள்ளேயே இருந்துவிட்டால் இதெல்லாம் தெரியாது. மயக்கிய புழுவைப் பதப்படுத்தும் முன், தலைக்குச் சற்றுப் பின்னால் மழுங்கிய இடுக்கியால் மெல்ல அழுத்தி முன்னோக்கித் தடவினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வராவிட்டால் பின்னர் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் கீறித் திறந்து பார்க்கலாம். கொஞ்சம் அலங்கோலமாகும், ஆனால் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

நெருப்புப் புழுக்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. முதுகில் பளிச்சென்று வெள்ளை முட்கொத்துகள், தலைக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாகக் கேரங்கிள் என்ற சதைத்திட்டு: இரண்டும் சேர்ந்தால் ஆம்ஃபினோமிட். இந்த முட்கள் சுண்ணாம்பாலானவை, எளிதில் ஒடிந்து தோலுக்குள் நின்றுவிடும். வெறுங்கையால் தொடாதீர்கள். குத்திவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் பட்டையை அழுத்தி உரித்து எடுங்கள். ஹெர்மோடிசே கருங்குலேட்டா அட்லாண்டிக், மத்தியதரைக்கடல் பக்கம் உள்ளது. இந்தோ-பசிபிக்கில் எடுத்த படத்துக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. யூரித்தோ காம்ப்ளனாட்டா உலகின் வெப்பக் கடல்கள் முழுவதும் ஒரே இனம் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. மரபணு பார்த்தபோது அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. சுண்ணாம்பு முள் என்பதால் அமிலம் பட்டால் கரையும். மாதிரிகளைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் பழையதானால் அமிலமாகிவிடும். அதில் வாரக்கணக்கில் வைத்தால் முள்ளின் ரம்பப் பற்கள் மழுங்கி, கடைசியில் முள்ளே காணாமல் போகும். பார்க்கும்போது தெளிவுக்காக லாக்டிக் அமிலம் விடும் பழக்கமும் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஆகாது.

குழாய்ப்புழுக்களில் முதல் கேள்வி குழாய் எதனால் ஆனது என்பது. சுண்ணாம்புக் குழாயும் அதை அடைக்க மூடியும் இருந்தால் செர்புலிட், தோல்போன்ற குழாயோ சேறு ஒட்டிய குழாயோ இருந்து மூடி இல்லாவிட்டால் சபெல்லிட். விதிவிலக்குகள் இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் பவளத்தில் இந்த விதி பெரும்பாலும் கைகொடுக்கும். உயிருள்ள பவளத்தில் பதிந்து இரட்டைச் சுருள் கொண்டை விரிக்கும் ஸ்பைரோபிராங்கஸ் எல்லோருக்கும் தெரிந்தது. அது பவளத்தைத் துளைத்து உள்ளே போவதில்லை. லார்வா மேற்பரப்பில் அமர்ந்து குழாய் கட்ட, பவளம் அதைச் சுற்றி வளர்ந்து மூடுகிறது. ஸ்பைரோபிராங்கஸ் ஜைகான்டியஸ் என்பது கரீபியன் புழு. இந்தோ-பசிபிக் புழுக்களுக்கும் அதே பெயரைப் பல பத்தாண்டுகள் வைத்துவந்தார்கள். அங்கே உள்ளவை ஸ்பைரோபிராங்கஸ் கார்னிகுலேட்டஸ் போன்ற வேறு இனங்கள். மூடியின் மேல் உள்ள கொம்புகளின் வடிவத்தை வைத்து கார்னிகுலேட்டஸை மூன்று இனங்களாகப் பிரித்திருந்தனர். 2015-இல் வந்த மரபணு ஆய்வு அந்தப் பிரிவுக்கு ஆதாரம் இல்லை என்றது. கொண்டையின் நிறமோ பக்கத்துப் பக்கத்துப் புழுக்களிலேயே மஞ்சள், நீலம், சிவப்பு என்று மாறும். நிறத்தை விவரிப்பில் எழுதுங்கள், அடையாளத்துக்கு அதை நம்பாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லிடுக்கிலிருந்து சேமியாபோல் வெள்ளை இழைகள் மணல்மேல் நீண்டு கிடந்தால் டெரிபெல்லிட். இழையைப் பிடித்து இழுத்தால் இழை மட்டும்தான் வரும், உடலுக்குக் கல்லை உடைக்க வேண்டும். முதுகில் ஓடு அடுக்கியதுபோல் செதில்கள் இருந்தால் செதில்புழு. தொந்தரவு செய்தால் செதில்களை உதிர்த்துவிடும், உதிர்ந்தவற்றையும் அதே குப்பியில் போடுங்கள். எத்தனை சோடி என்பதை உதிர்ந்தபின் செதில்தண்டுகளை எண்ணியும் அறியலாம். இவற்றில் பல வேறு உயிர்கள்மேல் ஒட்டி வாழ்பவை. எதன் மேல் இருந்தது என்பது பாதி அடையாளம். காஸ்ட்ரோலெபிடியா கிளாவிஜெரா கடல் அட்டைமேல்தான் இருக்கும். சில மில்லிமீட்டரே உள்ள நூல்போன்ற புழுவில், மணிகள் கோத்ததுபோன்ற முதுகு நீட்சிகளும், உடலுக்குள்ளே பீப்பாய்போன்ற தசையறை நிழலாடுவதும் தெரிந்தால் சில்லிட். கடற்பஞ்சைக் கிழித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். வடக்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்து 2012-இல் விவரிக்கப்பட்ட ராமிசில்லிஸ் மல்டிகாடேட்டா இந்தக் குடும்பம்தான். கடற்பஞ்சுக்குள் ஒரே தலை, கிளைகிளையாகப் பிரிந்த எண்ணற்ற வால்கள். 'முழுமையான மாதிரி' என்று எழுதுவதே அதற்கு ஒரு சோதனை.

இனி வாளிக்கு வருவோம். சேகரிக்க அனுமதி வேண்டும். பல திட்டுகள் காப்புப்பகுதிகள், கடின பவளங்கள் சைட்ஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, கல்லோடு வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் ஆவணம் கேட்பார்கள். உயிருள்ள பவளத்தை உடைக்க வேண்டிய தேவை அரிது; முஷ்டியளவு இறந்த பவளக்கல் போதும். விஷமுள்ள கூம்பு நத்தையும் கல்மீனும் அதே இடுக்குகளில் இருப்பதால் கல்லுக்கடியில் கண்மூடித்தனமாகக் கை விடாதீர்கள். எடுத்த கல்லை நீருக்கடியிலேயே பைக்குள் போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மேலே வருவதற்குள் நீந்தும் புழுக்கள் போய்விடும். பின் வாளியில் கடல்நீர் ஊற்றி நிழலில் சில மணி நேரம் விடுங்கள். நீரில் ஆக்சிஜன் குறையக் குறைய புழுக்கள் தாமாகவே வெளியேறி விளிம்புக்கு வரும். அதன்பிறகு உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்து, கழுவிய நீரை 0.5 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் வடிக்கவும். சில்லிட் வேண்டுமென்றால் 0.25 மி.மீ.

உயிரோடு இருக்கும்போதே கறுப்புப் பின்னணியில், அளவுகோலோடு, முதுகு, வயிறு, தலை மூன்றையும் படமெடுங்கள். ஆல்கஹாலில் நிறம் நில்லாது. பிறகு மயக்கம். மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 75 கிராமை 1 லிட்டர் நன்னீரில் கரைத்தால் கடல்நீருக்கு ஏறக்குறைய ஈடான கரைசல் கிடைக்கும். புழு இருக்கும் கடல்நீரோடு இதைச் சம அளவாகச் சிறிது சிறிதாகக் கலக்கவும். ஊசிமுனையால் தொட்டாலும் அசையாதவரை காத்திருங்கள். சிறியதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம், பெரிய யூனிசிடுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் புழு ஃபார்மலினில் விழுந்ததும் சுருண்டு, துண்டாகி, தொண்டையை உள்ளிழுத்து, கொண்டையை உதிர்த்துவிடும். சிப்பன்குலா முன்பகுதியை உள்ளிழுத்தபடி இறந்தால் கொக்கி வரிசையைப் பார்க்க உடலை அறுத்துத்தான் ஆக வேண்டும்.

ஃபார்மலினுக்கு முன்னால், பின்பகுதியிலிருந்து சில வளையங்களையோ ஒரு பக்கத்துக் கால்களையோ வெட்டி 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். டி.என்.ஏ.வுக்கு அதுதான். ஃபார்மலினில் கிடந்த திசுவிலிருந்து பிற்பாடு எடுப்பது பெரும்பாடு. உடலுக்கு, அடர் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. அடர் ஃபார்மலினில் லிட்டருக்குச் சுமார் 20 கிராம் போராக்ஸ் போட்டு அமிலத்தை முறித்துக்கொள்ளுங்கள். புழுவின் கனஅளவைப்போல் பத்து மடங்காவது திரவம் இருக்கட்டும். ஒன்றிரண்டு நாள் கழித்து நன்னீரில் பலமுறை அலசி, 70 முதல் 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். காற்றோட்டம் உள்ள இடத்தில் கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது.

பாலிகிளாட் தட்டைப்புழுவுக்கு இந்த முறை உதவாது. நேராக ஃபார்மலினில் விட்டால் சுருண்டு கூழாகிவிடும். தட்டில் ஃபார்மலினை உறையவைத்து, வடிதாளின் மேல் புழுவை விரிந்து ஊரவிட்டு, விரிந்த கணத்தில் தாளோடு உறைந்த பரப்பில் வைப்பதுதான் நம்பகமான வழி. இவற்றில் மட்டும் நிறக்கோலம் முக்கியமான அடையாளம். ஆனால் பேரினத்துக்கு அது போதாது: சூடோசெராஸுக்கு ஓர் ஆண் இனப்பெருக்கத் துளை, சூடோபைசெராஸுக்கு இரண்டு. சந்தேகமான இனத்துக்கு இனப்பெருக்கப் பகுதியை மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனில் தொடர்சீவல் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

விவரிப்பு எழுதுவதில் ஒழுங்குதான் முக்கியம், நடை முக்கியமில்லை. முன்னிருந்து பின்னுக்கு, வெளியிலிருந்து உள்ளுக்கு எழுதுங்கள். தொடக்கம் இப்படி அமையும்: 'முழு மாதிரி, நீளம் இவ்வளவு மி.மீ., 10-ஆம் முள்வளையத்தில் கால் நீங்கலாக அகலம் இவ்வளவு, முள்வளையங்கள் இத்தனை.' கால் சேர்த்தா நீக்கியா என்று எழுதாத அகலம் பயனற்றது. எண்ணும்போது முள் உள்ள முதல் வளையத்தை 1 என்று கொள்ளுங்கள், வேறு முறை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். அடுத்து புரோஸ்டோமியம், கண்கள், உணர்கொம்புகளின் நீளம். 'நீளமானது' என்று எழுதாமல் 'பின்னோக்கி மடித்தால் 4-ஆம் முள்வளையத்தை எட்டும்' என்று எழுதுங்கள். பிறகு தொண்டை, தாடை, கால்கள், முட்கள், வால்பகுதி.

கால்களை ஒரே பக்கத்திலிருந்து, முன், நடு, பின் என்று குறைந்தது மூன்று இடங்களில் வெட்டி, கிளிசரினில் வைத்து மூடுகண்ணாடி போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம், எந்த வளையம் என்று குறித்துவையுங்கள். முள்ளின் நுனிக்கு 400 மடங்கு பெருக்கம் குறைந்தபட்சம், பற்களை எண்ண 1000 மடங்கும் எண்ணெய் லென்சும் தேவைப்படலாம். முள்ளை முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பல், பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு பல் தெரியும். இலக்கியத்தில் ஒரே இனத்துக்கு முரணான விவரிப்புகள் இருப்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம். ஆகவே பல முட்களைத் திருப்பிப் பாருங்கள். டெரிபெல்லிட், சபெல்லிட் குடும்பங்களுக்கு ஆல்கஹாலில் கரைத்த மெத்தில் கிரீனில் சில நிமிடம் வைத்து அலசினால் வயிற்றுப் பக்கச் சுரப்பித் திட்டுகள் பச்சையாகத் தெரியும். நாளடைவில் சாயம் மங்கிப்போவதால், அப்போதே வரைந்துவிடுங்கள்.

பெயர் பொருத்தும்போது, அந்தப் பெயரின் மூல மாதிரி (பெயர் சூட்டியபோது அடிப்படையாகக் கொண்ட புழு) எந்தக் கடலிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். அட்லாண்டிக்கில் விவரித்த இனம் பசிபிக் பவளத்தில் 'கிடைத்தால்' சந்தேகப்படுவதே முறை. விலங்கினங்களைப் பிரித்தறிய வழக்கமாகப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துத் துண்டு நல்ல துணை. ஆனால் ஒப்பிடும் தரவுத்தளத்தில் தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகளும் உண்டு, தவறு அப்படியே உங்கள் ஆய்வுக்கட்டுரைக்கு ஏறிவிடும். அடைப்புக்குறியையும் கவனியுங்கள்: ஸ்பைரோபிராங்கஸ் ஜைகான்டியஸ் (பல்லாஸ், 1766) என்றால், பல்லாஸ் அதை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார், பின்னர் இங்கே மாற்றப்பட்டது என்று பொருள்.

புதிய இனம் என்றே தோன்றினால், 1999-க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு மூல மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறித்தாக வேண்டும். மாதிரியை நிலையான அருங்காட்சியகத்தில் வைத்துப் பதிவு எண் பெறுங்கள். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவதும் கட்டாயம். குப்பியின் லேபிளைப் பென்சிலிலோ ஆல்கஹாலில் கரையாத மையிலோ எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள்: இடம், அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், நாள், எதன் மேல் இருந்தது, எடுத்தவர், எதில் பதப்படுத்தியது. பந்துமுனைப் பேனா எத்தனாலில் ஒரே இரவில் கரைந்துவிடும்.